ரோமில் உடையைப் பார்த்தே ஆள் யார் என்று சொல்லிவிடலாமா?

மார்ச் 2, இரவு

"பழைய ரோமில் செனட்டர், வியாபாரி, அடிமை என்று ஒவ்வொரு வகுப்புக்கும் இன்ன உடை என்று சட்டமே இருந்தது. தெருமுனையில் நின்றால் போதும், வருபவர் யார் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். சரிதானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பாதிதான் சரி. மேலே இருந்தவர்களுக்கு அடையாளங்கள் இருந்தன. கீழே இருந்தவர்களுக்கு, குறிப்பாக அடிமைகளுக்கு, தனி உடை என்று எதையும் வகுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

மேலே இருந்தவர்களின் அடையாளங்களும் நாம் நினைப்பதைவிடச் சின்னவை. உடம்பில் போடும் அங்கிக்கு டூனிக்கா என்று பெயர். முன்னால் ஒரு துணி, பின்னால் ஒரு துணி, தோளிலும் பக்கங்களிலும் தையல், அவ்வளவுதான். செனட்டருக்கும் அதுதான், செருப்புத் தைப்பவருக்கும் அதுதான். ஆனால் செனட்டரின் டூனிக்காவில் தோளிலிருந்து கீழ் விளிம்புவரை அகலமான ஊதாப் பட்டை ஓடும். லாட்டுஸ் கிளாவுஸ் என்பார்கள். அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்புக்கு அதே பட்டைதான், ஆனால் ஒடுக்கமாக இருக்கும். கூடவே விரலில் தங்க மோதிரம். உயர்குடிக்காரரின் காலணியில் பிறை வடிவத்தில் ஒரு சிறு அணி. பட்டை, மோதிரம், செருப்பு. ஓர் ஆளின் மொத்த மதிப்பும் இந்த மூன்றிலேயே அடங்கிவிட்டது.

டோகா இதெல்லாவற்றுக்கும் மேலே போர்த்துவது. ரோமக் குடியுரிமை உள்ளவருக்கு மட்டும்தான் அந்த உரிமை. சாதாரணக் குடிமகனுக்குச் சாயமிடாத வெள்ளைக் கம்பளி. உயர் பதவியில் இருப்பவருக்கு ஊதாக் கரை வைத்தது. துக்கத்துக்குக் கறுத்தது. வெற்றி ஊர்வலம் போகும் தளபதிக்குத் தங்க வேலைப்பாடு செய்தது.

மார்ச் 3

டோகாவைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது வேறு, கட்டிப் பார்ப்பது வேறு. நான் இருபது வருடங்களுக்கும் மேலாக நாடகக் குழுக்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவன். ஒரு கல்லூரிக் குழுவுக்கு ஒருமுறை பதினோரு டோகா தேவைப்பட்டது. எல்லோரும் செய்வதைப் போல நானும் வெள்ளைப் படுக்கை விரிப்பை வாங்கி மடித்துத் தோளில் போட்டேன். குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். சிலைகளில் இருக்கும் அந்த வளைந்து விழும் மடிப்பு எதைச் செய்தும் வரவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. நான் எடுத்தது செவ்வகத் துணி. டோகாவின் ஒரு விளிம்பு வளைந்திருக்கும், கிட்டத்தட்ட அரைவட்டம். பேரரசுக் காலத்து டோகா சுமார் ஐந்தரை மீட்டர் நீளம், அதாவது பன்னிரண்டு முழம். அகலமும் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் கம்பளி. மறுபடியும் துணி வாங்கி, வளைத்து வெட்டி, ஒரு மாணவனுக்கு மட்டும் ஒழுங்காகக் கட்டிப் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்து அரைமணி நேரம் போராடினோம். ஊசியோ கொக்கியோ கிடையாது. துணியின் கனமும் இடது கையும்தான் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பையன் நாலு அடி நடந்தான், தோளிலிருந்து நழுவியது. அப்புறம் இடது முழங்கையை மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டே நடந்தான். தானாகவே மெதுவாக, நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தான். நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து டோகாவை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அதைப் போர்த்தியவர் ஓட முடியாது, மூட்டை தூக்க முடியாது, ஒரு கை எப்போதும் துணிக்கே போய்விடும். எனக்குக் கையால் வேலை செய்யவேண்டிய அவசியம் இல்லை, என்னை உடுத்திவிட வீட்டில் ஆள் இருக்கிறது என்று அந்த மடிப்பே ஊருக்குச் சொல்கிறது. டெர்ட்டுலியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் கி.பி. 200-ஐ ஒட்டி டோகாவைக் கண்டித்து எழுதும்போது, முந்தைய நாளே ஆள் வைத்து மடிப்புகளை அடுக்கி இடுக்கி போட்டு வைக்கும் சிரமத்தைத்தான் சொல்கிறார். உடையா, சுமையா என்று கேட்கிறார்.

ஹோர்டென்சியுஸ் என்ற வழக்கறிஞர் சிசரோவின் காலத்தவர், சிசரோவுக்குப் போட்டியாளர். கண்ணாடி முன் நின்றுதான் உடுத்துவார். ஒருநாள் குறுகலான இடத்தில் சக அதிகாரி ஒருவர் அவர்மேல் உரசிவிட்டார், தோளில் இருந்த மடிப்பு கலைந்துவிட்டது. அதற்காக அவர்மேல் வழக்கே போட்டார் என்று மக்ரோபியுஸ் என்ற பிற்கால எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். முன்பு இதைப் படித்தபோது சிரித்தேன். அரைமணி நேரம் மடிப்புப் பிடித்துப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 3, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பன்னிரண்டு முழம் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. குடியரசுக் காலத்து டோகா சிறியது, ஒட்டியது. ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் கையை உயர்த்தி நிற்கும் வெண்கலப் பேச்சாளர் சிலை ஒன்று உண்டு. கி.மு. 100 வாக்கில் செய்தது. அவருடைய டோகா கெண்டைக்காலோடு நின்றுவிடுகிறது. அந்த டோகாவின் கரையில், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களின் எழுத்துகள் பொறித்திருக்கின்றன. ரோமர் உடை, எட்ருஸ்கன் பேச்சு. ரோமின் ஆட்சி விரிய விரிய டோகாவும் விரிந்தது.

மார்ச் 5

சரி, அடிமைகள் விஷயம்.

அடிமைகளைச் சுதந்திர மக்களிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு தனி உடை வைக்கலாம் என்று செனட்டில் ஒருமுறை யோசனை வந்தது. தத்துவ அறிஞர் செனெகா இதைச் சொல்கிறார். உடனே அதன் ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது. நாம் எத்தனை பேர் என்று நம் அடிமைகள் எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? யோசனை அப்படியே கைவிடப்பட்டது. எனக்கு ரோம வரலாற்றில் இதைவிட உறைக்கும் செய்தி அதிகம் இல்லை. உடையால் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டத் துடித்த ஊர், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பயந்து பின்வாங்கியது.

வரலாற்றாசிரியர் அப்பியன் வேறு இடத்தில் இதையே உறுதி செய்கிறார். செனட்டர்களின் உடையைத் தவிர மற்ற உடையெல்லாம் அடிமைக்கும் எஜமானனுக்கும் பொதுவாகத்தான் இருந்தது என்கிறார்.

ஆனால் "பொது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டோ தன் விவசாய நூலில் பண்ணை அடிமைகளுக்குத் துணி கொடுக்கும் கணக்கை எழுதியிருக்கிறார். மூன்றரை அடி நீளத்தில் ஒரு டூனிக்காவும் ஒரு கம்பளிப் போர்வையும் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை. மரச்செருப்பும் அப்படியே. புதியது கொடுக்கும் முன் பழையதைத் திருப்பி வாங்கிவிட வேண்டும், அதை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்கிறார். தையல்காரனாக இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். வடிவம் ஒன்றேதான். இரண்டு வருடம் வயலில் வியர்வையும் மண்ணும் பட்ட டூனிக்காவையும் நேற்று வெளுத்து வந்த டூனிக்காவையும் பத்தடி தூரத்திலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். முதல் குறிப்பில் கீழே இருந்தவர்களுக்கு அடையாளமே இல்லாததுபோல எழுதிவிட்டேன். சட்டம் கொடுத்த அடையாளம் இல்லை என்று மட்டும் திருத்திப் படியுங்கள்.

நகரத்துப் பெரிய வீடுகளில் நிலைமை வேறு. விருந்தில் பரிமாறும் அடிமைக்கு நல்ல உடை கொடுப்பது எஜமானனின் பெருமை. அங்கே அடிமையின் அங்கி ஏழைக் குடிமகனின் அங்கியைவிட நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 6

"அப்படியானால் தப்பி ஓடிய அடிமையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" நல்ல கேள்வி.

துணி காட்டிக்கொடுக்காததால்தான் இரும்பு வந்தது. பிற்காலத்துக் கழுத்து வளையங்கள் சில கிடைத்திருக்கின்றன. ஒன்றில் தொங்கும் தகட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடி. என் எஜமான் ஸோனினுஸிடம் திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு பொற்காசு கிடைக்கும்." ரோமில் டயோக்ளீஷியன் குளியல்மண்டப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த வளையம் யார் கழுத்தில் கிடந்ததோ அவர் பெயர் அதில் இல்லை. எஜமானின் பெயர்தான் இருக்கிறது.

சிலருக்கு நெற்றியிலேயே எழுத்தைக் குத்தினார்கள். மார்ஷியல் கவிதை ஒன்றில் ஓர் ஆள் அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். விரலில் ரத்தினம், தோளில் டைர் நகரத்து ஊதா, காலில் பிறை அணிந்த புதுச் செருப்பு. நெற்றியில் மட்டும் வரிசையாகப் பிளாஸ்திரி போன்ற ஒட்டுத்துணிகள். இவன் யார் என்று தெரியவில்லையா, அந்த ஒட்டுகளை எடு, படிக்கலாம் என்று முடிகிறது. மார்ஷியல் அவனைக் கேலி செய்வதற்காக எழுதினார். நான் படிக்கும்போது அந்த மனிதன் பக்கம்தான் மனம் போகிறது. உடை முழுவதையும் மாற்றிக்கொண்டான். தோலை மாற்ற வழியில்லை.

மார்ச் 6, மாலை

மோதிரமும் முன்வரிசையும் சம்பந்தப்பட்டவை என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். கி.மு. 67-ல் வந்த ரோஸ்கியுஸ் சட்டம் அரங்கில் முதல் 14 வரிசைகளைக் குதிரைவீரர் வகுப்புக்கு ஒதுக்கியது. அதில் உட்காரத் தகுதியில்லாதவர்கள் உடையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள், காவலர்கள் எழுப்பிவிட்டார்கள். தங்க மோதிரமும் அப்படியே ஊரெல்லாம் பரவிவிட்டது. கடைசியில் கி.பி. 23-ல் பேரரசர் திபேரியஸ் காலத்தில் ஒரு விதி வந்தது. தங்க மோதிரம் போட வேண்டுமானால் தானும் தந்தையும் தந்தைவழிப் பாட்டனும் சுதந்திரமாகப் பிறந்திருக்க வேண்டும், 4,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) சொத்து வேண்டும், 14 வரிசையில் உட்காரும் உரிமையும் வேண்டும். விரலில் இருக்கும் ஒரு வளையத்துக்கு மூன்று தலைமுறைக் கணக்கு! இவ்வளவு கடுமையான விதி வந்தால் அதற்கு முன்பு எத்தனை பேர் மீறியிருக்கிறார்கள் என்றுதான் நான் படிப்பேன்.

மார்ச் 8

ஊதா.

நாம் ஊதா என்று மொழிபெயர்க்கிறோம், ஆனால் மிக உயர்ந்த டைர் சாயத்தின் நிறம் உறைந்த ரத்தம்போல இருக்க வேண்டும் என்கிறார் மூத்த பிளினி என்ற ரோம அறிஞர். பார்க்கும்போது கறுப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் சிவப்பு மின்னும். கடல் நத்தையின் உடம்பில் இருக்கும் ஒரு சிறு சுரப்பியிலிருந்து எடுப்பது. 1909-ல் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை எடுத்துச் செய்துபார்த்தார். கிடைத்த சாயம் 1.4 கிராம்.

எனக்குச் சாயப் பட்டறைகளோடு பழக்கம் உண்டு. ஒரே நிறத்தில் ஐம்பது கெஜம் எடுக்க வேண்டுமென்றால் இரண்டாம் முறை முக்குவதுதான் உயிர். டைர் சாயமும் அப்படித்தான். டிபாஃபா, அதாவது இருமுறை தோய்த்தது என்றே அதற்குப் பெயர். நேபோஸ் என்பவர் தன் இளமையில் ஊதாக் கம்பளி ராத்தல் 100 டெனாரியஸ் வெள்ளிக்காசுக்கு விற்றது என்றும், பிறகு வந்த இருமுறை தோய்த்ததை 1,000 கொடுத்தாலும் வாங்க முடியவில்லை என்றும் சொன்னதாகப் பிளினி குறித்திருக்கிறார். லெந்துலுஸ் ஸ்பிந்தேர் என்பவர் கி.மு. 63-ல் பதவியில் இருந்தபோது அந்தச் சாயத்தைத் தன் டோகாக் கரைக்குப் போட்டார், எல்லோரும் முகம் சுளித்தார்கள். இப்போது சாப்பாட்டு மெத்தை விரிப்புக்கே அதைப் போடாதவர் யார் என்று நேபோஸ் ஒரே தலைமுறையில் கேட்கிறார்.

இந்தச் சாயத்துக்கு நாற்றமும் உண்டு. அழுகிய நத்தை நாற்றம், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அசல் என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி.

ஊதா உடை அணியும் உரிமை பேரரசருக்கு மட்டுமே இருந்தது.

மார்ச் 9

நேற்றைய குறிப்பின் கடைசி வரி தவறு. இரண்டு பேர் சுட்டிக்காட்டினார்கள், நன்றி. முந்தைய இரண்டு பத்திகளில் நானே எழுதியதற்கும் அது முரண்.

முதல் நூற்றாண்டில் பணம் இருந்தால் ஊதா வாங்கலாம். சீசர் அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். நீரோ டைர் ஊதாவையும் செவ்வந்திக்கல் நிற ஊதாவையும் தடை செய்தார். ஒருமுறை அவர் பாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு பெண் தடைசெய்த நிறத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஆட்களிடம் காட்டினார். அவளை அங்கேயே இழுத்து, உடையோடு சொத்தையும் பறித்தார்கள். பேரரசர் கலிகுலா காலத்தில் இதைவிட மோசம். வட ஆப்பிரிக்காவில் இருந்த மௌரித்தானியாவின் அரசர் டோலமி விருந்தாளியாக வந்திருந்தார். அரங்குக்குள் அவர் நுழைந்தபோது அவருடைய ஊதா மேலாடையின் பளபளப்பில் எல்லோர் கண்ணும் அவர்மேல் திரும்பியது. அதற்காகவே அவரைக் கொன்றார் என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

போலியும் தாராளமாக இருந்தது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்று முழுக்கச் செய்முறைக் குறிப்புகள். நத்தையே இல்லாமல் செடி வேர்களையும் பூச்சிச் சாயத்தையும் வைத்து ஊதா வரவழைப்பது எப்படி என்று பல வழிகள் சொல்கிறது. நான் நாடகத்துக்குச் செய்த ஊதாவும் அந்தப் பரம்பரைதான்.

விலைக்கு ஒரு கணக்கு. கி.பி. 301-ல் டயோக்ளீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் ஊதாச் சாயமிட்ட பட்டு ராத்தலுக்கு 1,50,000 டெனாரியஸ். அதே பட்டியலில் பண்ணைக் கூலியாளின் நாள்கூலி சாப்பாட்டோடு 25. ஒரு ராத்தல் பட்டுக்கு 6,000 நாள் உழைப்பு, பதினாறு வருடத்துக்கும் மேல். செருப்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு: உயர்குடிச் செருப்பு 150, செனட்டர் செருப்பு 100, குதிரைவீரர் வகுப்புச் செருப்பு 70. படிநிலையை விலைச்சீட்டாகவே ஒட்டிவிட்டார்கள்.

மார்ச் 12

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று ஒரு அம்மா கடிந்துகொண்டார். நியாயம்.

மணமான குடிமகள் டூனிக்காவுக்கு மேல் ஸ்டோலா போடுவாள், பாதம்வரை நீளும். கூந்தலில் கம்பளி நாடா. இவள் மதிப்புள்ள குடும்பத்தின் மனைவி, கைவைக்காதே என்பது அதன் பொருள். டோகா ஆணுக்குப் பெருமை, ஆனால் வளர்ந்த பெண் டோகா உடுத்தினால் அது இழிவு. விலைமாதரோடு அதைச் சேர்த்துப் பேசினார்கள். சிசரோ ஆண்டனியைத் தாக்கி எழுதும்போது, நீ ஆண்மகனின் டோகாவை உடுத்தினாய், உடனே அதைப் பெண்ணின் டோகாவாக்கிவிட்டாய் என்கிறார். அந்தக் காலத்தில் இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்டுவது கடினம். ஒரே துணி, போர்த்தும் உடம்பு மாறினால் அர்த்தம் தலைகீழ்.

கி.மு. 215-ல், ஹன்னிபாலோடு போர் நடக்கும்போது, ஓப்பியுஸ் சட்டம் வந்தது. பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது, பலநிற உடை கூடாது, நகருக்குள் வண்டியில் போகக் கூடாது. போர் முடிந்தும் சட்டம் போகவில்லை. கி.மு. 195-ல் பெண்கள் தெருவில் திரண்டு வந்து, நகரின் பொதுச்சதுக்கமான ஃபோரத்துக்குப் போகும் வழியெல்லாம் நின்று ஆண்களை மறித்துக் கேட்டார்கள். கேட்டோ எதிர்த்துப் பேசினார், ஆம், அந்த ஒட்டுப்போர்வைக் கேட்டோவேதான். ஆனாலும் சட்டம் நீக்கப்பட்டது. அவர்களுக்குப் பதவி இல்லை, பட்டை இல்லை, மோதிர உரிமை இல்லை. தங்கமும் நிறமும்தான் அவர்களுடைய பதவிச் சின்னம் என்று வலேரியுஸ் அன்று ஆதரித்துப் பேசினார். வரலாற்றாசிரியர் லிவி தரும் அந்த உரையில் எனக்குப் பிடித்த இடம் அது.

அப்புறம் முத்து. இங்கே நம் கடற்கரை உள்ளே வருகிறது. உயர் பதவியில் இருப்பவருக்கு முன்னால் கோல்தாங்கி ஒருவன் வழிவிலக்கிக்கொண்டு போவான். முத்துதான் பெண்ணுக்குக் கோல்தாங்கி என்று ரோமில் ஏழைப் பெண்கள்கூடச் சொல்லிக்கொண்டு அதற்கு ஆசைப்பட்டதாகப் பிளினி எழுதுகிறார். கலிகுலாவின் மனைவியாகச் சிறிது காலம் இருந்த லோலியா பவுலினாவை அவர் நேரில் பார்த்திருக்கிறார். ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்குத் தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்துமாக வந்திருந்தாள். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். செனட்டர் ஆவதற்கான சொத்து வரம்பு 10 லட்சம்தான். யாராவது சந்தேகப்பட்டால் உடனே கணக்குப் பத்திரத்தைக் காட்டவும் தயாராக இருந்தாளாம்.

அந்த முத்துகள் எங்கே எடுக்கப்பட்டன என்று யாராவது அவளிடம் கேட்டிருப்பார்களா? அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பான பெரிப்ளுஸ், பாண்டியர் ஆட்சியில் இருந்த கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகள்தான் முத்துக் குளித்தார்கள் என்கிறது. உறையூர் என்று அறிஞர்கள் கொள்ளும் அர்காருவின் மெல்லிய துணியையும் அது குறிப்பிடுகிறது. ரோமில் ஒரு காதில் ஆடிய முத்துக்காக இங்கே ஒரு கைதி மூச்சடக்கியிருக்கிறான்.

மார்ச் 17

இன்று லிபராலியா. ரோமச் சிறுவர்கள் ஆண்மகன் டோகா உடுத்திக்கொள்ள வழக்கமாகத் தேர்ந்தெடுத்த நாள்.

குடிமகனின் மகனுக்குச் சிறுவயதில் ஊதாக் கரை வைத்த டோகா. ஆம், உயர் அதிகாரிகள் போடும் அதே கரை. கழுத்தில் புல்லா என்ற காப்புத் தாயத்து. பதினைந்து பதினாறு வயது வாக்கில் தாயத்தைக் கழற்றி வீட்டுத் தெய்வத்துக்குப் படைத்துவிட்டு, கரையில்லாத வெள்ளை டோகா உடுத்தி, அப்பாவோடு ஃபோரத்துக்கு நடப்பான். கரையும் தாயத்தும் இந்தப் பிள்ளை சுதந்திரன், தொடாதே என்று சொல்லும். அடிமைப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்புத் துணி கிடையாது. அந்தப் பிள்ளையை யாரும் எதுவும் செய்யலாம் என்பதையும் அதே துணிதான், இல்லாமல் இருப்பதன் மூலம், சொல்லிவிடுகிறது.

2017-ல் ரோம் போனபோது ஆரா பாசிஸ் பலிபீடத்தின் முன் ஒரு மணி நேரம் நின்றேன். கி.மு. 9-ல் திறக்கப்பட்டது. சலவைக்கல்லில் அகஸ்டஸ் குடும்பம் ஊர்வலம் போகிறது, வரிசையாக டோகா மடிப்புகள். அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பாவின் உடையைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப்பையன் நிற்கிறான். மற்றப் பிள்ளைகளில் பலர் டோகாவில். இவனோ குட்டை அங்கியில், கழுத்தில் முறுக்கு வளையம். சிலர் அகஸ்டஸின் பேரன் காயுஸ் என்கிறார்கள், சிலர் பிணையாகக் கொண்டுவந்த வெளிநாட்டு இளவரசன் என்கிறார்கள். இரண்டாயிரம் வருடம் கழித்தும் வழக்கு நடப்பது ஒரு குழந்தையின் துணியை வைத்துத்தான்.

மார்ச் 20

மார்ச் 3-ல் டோகா என்றால் கை வேலை தேவையில்லாதவனின் பெருமை என்று எழுதினேன். இரண்டு வாரமாக அது உறுத்துகிறது.

யார் டோகாவை விரும்பிப் போட்டார்கள்? அகஸ்டஸ் ஒருநாள் கூட்டத்தைப் பார்க்கிறார், எல்லோரும் கறுத்த மேல்போர்வையில் நிற்கிறார்கள். கோபம் வந்து "ரோமர், உலகின் தலைவர்கள், டோகா உடுத்திய இனம்" என்ற விர்ஜிலின் வரியைச் சொல்லி, இனி டோகா இல்லாமல் ஃபோரத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். மக்கள் விரும்பிப் போட்டிருந்தால் உத்தரவு எதற்கு? இத்தாலியின் பெரும்பகுதியில் செத்தால்தான் டோகா போடுகிறார்கள் என்று ஜுவெனல் பிறகு எழுதினார்.

ரோமில் தினமும் டோகா போட்டவர்களில் பெரும்பகுதி பணக்காரரை அண்டிப் பிழைத்தவர்கள். விடியும் முன் எழுந்து, கசங்கிய டோகாவைப் போர்த்தி, சேற்றில் நடந்து, பெரிய மனிதர் வீட்டு வாசலில் வணக்கம் சொல்ல நிற்க வேண்டும். அதற்கு 100 குவாட்ரான்ஸ் என்ற சில்லறைக்காசு, அதாவது ஆறேகால் செஸ்டர்ஸ், படியாகக் கிடைக்கும். மார்ஷியல் பல ஆண்டுகள் அப்படி நின்றவர். டோகா நைந்துவிட்டது, புதிது வாங்கித் தாருங்கள் என்று அவர் கேட்கும் கவிதைகளில் வேடிக்கைக்கு அடியில் நிஜமான குளிர் தெரிகிறது. பெரிய மனிதரோ மாலையில் விருந்து உடைக்கு மாறிவிடுவார். டிசம்பரில் சடர்னாலியா திருவிழா வந்தால் ஊரே டோகாவைக் கழற்றிவிட்டு, விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் பிலெயுஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தது.

ஆகவே என் பழைய கருத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: ஆள் வைத்து உடுத்திக்கொண்டவனுக்கு டோகா பெருமை. தானே உடுத்திக்கொண்டு இன்னொருவர் வாசலில் நின்றவனுக்கு அது சீருடை.

ஆனால் அது பறிபோனால் வலித்தது. லிகினியானுஸ் என்பவர் முன்னாள் உயர் அதிகாரி, நல்ல பேச்சாளர், நாடு கடத்தப்பட்டார். சிசிலியில் பேச்சுக்கலை ஆசிரியராகப் பிழைத்தார். நாடு கடத்தப்பட்டவருக்கு டோகா உரிமை இல்லை. முதல் வகுப்புக்குக் கிரேக்க மேலாடையில் வந்தார், தன் உடையைக் குனிந்து பார்த்துக்கொண்டார், பிறகு "லத்தீனில்தான் பேசப்போகிறேன்" என்றார். இளைய பிளினியின் கடிதத்தில் இருக்கிறது.

கிளாடியஸ் முன் வந்த வழக்கும் இதே விஷயம். ஒருவன் குடிமகனா இல்லையா என்று விசாரணை. அவன் டோகாவில் நிற்பதா, கிரேக்க உடையில் நிற்பதா என்று வழக்கறிஞர்கள் சண்டை. குற்றம் சாட்டும்போது கிரேக்க உடை, எதிர்வாதம் நடக்கும்போது டோகா, மாற்றி மாற்றிப் போடச்சொன்னார் பேரரசர். பன்னிரண்டு முழத்தை நீதிமன்றத்தில் எத்தனை முறை அவிழ்த்துக் கட்டினானோ பாவம்.

மார்ச் 24

கடைசியாக ஒன்று. இந்த வெள்ளையை வெள்ளையாக வைத்திருந்தது யார்?

தேர்தலில் நிற்பவர்கள் டோகாவில் சுண்ணப்பொடி தேய்த்துப் பளிச்சென்று வருவார்கள். கேண்டிடா என்றால் பளிச்சிடும் வெள்ளை. கேண்டிடேட் என்ற சொல் அங்கிருந்து வந்தது. கி.மு. 432-லேயே இப்படி வெளுத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள் என்கிறார் லிவி. அந்த விதி நிலைத்திருந்தால் நமக்கு அந்தச் சொல்லே வந்திருக்காது.

வெளுத்தவர்கள் சலவைப் பட்டறை ஆட்கள். கம்பளியைத் தொட்டியில் போட்டு, சிறுநீர் கலந்த நீரில் காலால் மிதிப்பார்கள். பிறகு களிமண், அலசல், முள் தூரிகையால் சீவல், கந்தகப் புகை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் பொம்பேயிப் பட்டறை ஒன்றின் தூணில் இருந்த ஓவியத்தைப் பார்த்தேன். தொட்டிகளில் நின்று மிதிப்பவர்களில் சிலர் சிறுவர்களைப் போலத் தெரிகிறார்கள். இன்னொருவர் புகை போடும் பிரம்புக் கூட்டைத் தலைக்கு மேல் தூக்கி வருகிறார், கூட்டின் மேல் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. மினர்வாவின் பறவை, அந்தத் தொழிலின் காவல். மற்ற ஓவியங்களுக்கு நான் ஒதுக்கிய நேரமும் அங்கேயே போய்விட்டது. என் வாழ்நாள் முழுவதும் துணியோடு கழிந்திருக்கிறது, ரோமில் எனக்குத் தெரிந்த முகங்களை அங்கேதான் பார்த்தேன்.

பொம்பேயியின் அபுண்டான்சா தெருவில் ஒரு கட்டடத்தின் முகப்பில், தந்தையைத் தோளில் சுமந்து வரும் ஏனியாஸின் படம் இருந்தது, ரோமை நிறுவிய ரோமுலுஸின் படமும் இருந்தது. போர்க்கருவிகளையும் அந்த மனிதனையும் பாடுகிறேன் என்றுதான் அந்த ஏனியாஸைப் பற்றிய விர்ஜிலின் காவியம் தொடங்கும். டோகா உடுத்திய இனம் என்று அகஸ்டஸ் சொன்ன வரியும் அதே காவியம்தான். அந்தச் சுவரில் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள்: "சலவைக்காரர்களையும் ஆந்தையையும் பாடுகிறேன், போர்க்கருவிகளையும் அந்த மனிதனையும் அல்ல."